பழைய பிக்கப் வண்டிகளில் யந்திர மாறுதல்: டீசல் மிச்சமாகுமா?

சேலம், நாமக்கல் சமவெளியில் நிலமுள்ள குடியானவர்களில் அநேகர் இக்காலத்தில் சொந்தமாகப் பாரவண்டி வைத்திருக்கின்றனர். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்வதும், பரமத்திவேலூரின் வாழைத்தாரும் வெற்றிலையும் சந்தைக்குச் செல்வதும், நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் வந்து முட்டை போவதும் பெரும்பாலும் இவ்வண்டிகளிலேயாம். 1986-ஆம் வருஷத்தில் வெளிவந்த டாட்டா 407 இனத்து வண்டிகளும், 2005-இல் வெளிவந்து ‘குட்டி யானை’ என்று ஜனங்கள் பெயரிட்டழைக்கும் சிறு வண்டிகளும், பலவகைப் பிக்கப்புகளும் பத்துப் பதினைந்து வருஷம் உழைத்த பின்னரும் ஓடிக்கொண்டுதானிருக்கின்றன. புதுவண்டியின் கிரயம் தாளாது. ஆகையால் பழைய வண்டியின் யந்திரத்தில் ஏதேனும் மாறுதல் செய்து எண்ணெயை மிச்சப்படுத்தலாமா என்ற கேள்வி எழுவது இயற்கையே.

இதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறதென்பதை முதலில் பார்ப்போம். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுப்பதாகவும், டீசல் லிட்டர் 90 ரூபாயென்றும் கணக்கிற்காக வைத்துக்கொண்டால், மாதச் செலவு 10,800 ரூபாய். நூற்றுக்குப் பத்து மிச்சமானால் மாதம் 1,080 ரூபாய் கையில் நிற்கும். 6,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி ஆறு மாதத்தில் தன் விலையைத் தந்துவிடும். நூற்றுக்கு ஒன்றுதான் மிச்சமென்றால், அதே கருவி விலையைத் தர நாலரை வருஷத்திற்கு மேலாகும். ஒன்றுமே மிச்சமில்லையெனில், கிழங்கு ஏற்றிய வாடகையில் கிடைத்த சொற்ப லாபமும் அக்கருவியோடு போய்விடும். எனவே, மிச்சம் உண்டா என்பதோடு, எவ்வளவு என்பதையும் கேட்டாக வேண்டும்.

கடைகளிலும் பட்டறைகளிலும் விற்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கைத்தான் சொல்லுகின்றன. அதாவது, யந்திரத்தில் எண்ணெய் சரியாக எரியாமல் வீணாகிறது, இக்கருவி அதை முழுதும் எரிக்கும் என்பதே. இவ்வாக்கைப் பரிசோதிப்பது எளிது. நல்ல நிலைமையிலுள்ள டீசல் யந்திரத்தில் ஊற்றிய எண்ணெயில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் எரிந்தே தீருகிறது. அவ்வாறு எரிந்து உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே சக்கரத்தைச் சுற்றும் உழைப்பாகிறது. மற்றதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியாகவும், ஒரு பகுதி ரேடியேட்டர் நீரின் வழியாகவும் வெளியேறுகிறது. நஷ்டம் இவ்வழிகளில்தான் இருக்கிறது. ஆகவே எரியாத எண்ணெயைப் பிடித்துத் தருவதாகச் சொல்லும் எந்தக் கருவியும், நல்ல யந்திரத்தில், நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தர இடமேயில்லை. எண்ணெய்க் குழாயின்மேல் கட்டும் காந்தமும், காற்றுக் குழாயினுள் செருகும் சுழல் தகடும் இந்த வகையைச் சேர்ந்தவை.

பாட்டரி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அந்த வாயுவை யந்திரத்துக்குள் விடும் கருவியின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. நூறு பங்கு உஷ்ணமுள்ள டீசலை எரித்தால் 33 பங்கு உழைப்பு கிடைக்கிறது. அதை ஆல்டர்னேட்டர் மின்சாரமாக்கும்போது 20 பங்காகிறது. தண்ணீரைப் பிரிக்கையில் 12 அல்லது 13 பங்கே வாயுவில் தங்குகிறது. அவ்வாயுவை யந்திரத்திலேயே மறுபடி எரித்தால் நாலு பங்கு உழைப்பு திரும்புகிறது. 33 கொடுத்து 4 வாங்கும் வியாபாரத்தைச் சந்தையில் எந்தக் குடியானவரும் ஒப்புக்கொள்ளார்.

அமெரிக்காவின் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகாவினர் 1970-களிலிருந்து இத்தகைய கருவிகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்தனர். மிகச் சிலவே அற்ப மிச்சம் காட்டின. பெரும்பாலானவை ஒன்றும் காட்டவில்லை. நம் ராஜ்யத்திலும் 1996-இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் செய்வதாகப் பெரிய பரபரப்பு எழுந்ததும், 2016-இல் சென்னை நீதிமன்றம் அவ்விஷயத்தில் தண்டனை விதித்ததும் வாசகர்கள் அறிந்ததே. எண்ணெய் விலை ஏறுந்தோறும் இத்தகைய செய்திகளுக்குக் காது கொடுப்போர் தொகையும் ஏறுகிறது.

யந்திர மாறுதல் என்றாலே வீண் என்று கூறுவதும் பொருந்தாது. நம் மாகாணத்திலேயே நடந்த பெரிய மாறுதல் ஒன்றுண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது, பஸ்களும் லாரிகளும் பின்புறத்தில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. மதுரை டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் இத்தகைய கரிவாயு உலைகளைச் செய்தளித்தனர். மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து உண்டாகும் வாயுவை வடிகட்டிக் குளிரவைத்து யந்திரத்துக்குள் விடுவதே இதன் முறை. அவ்வாயுவில் ஏறக்குறைய பாதி எரியாத நைட்ரஜனாகையால் வண்டியின் பலம் மூன்றிலொரு பங்கு அல்லது அதற்கும் அதிகமாகக் குறைந்தது, மேடேறத் திணறிற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ கரி வேண்டியிருந்தது. வடிகட்டி சரியில்லாவிடில் சாம்பல் உள்ளே புகுந்து சிலிண்டரைத் தேய்த்தது. பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் உலைகள் கழற்றப்பட்டன. அம்மாறுதல் பெட்ரோலை மிச்சப்படுத்தியது மெய். செலவாகும் உஷ்ணத்தை மிச்சப்படுத்தவில்லை. பின்னாளில் பெட்ரோல் ஜீப்புகளிலும் கார்களிலும் டீசல் யந்திரம் மாற்றிப் பொருத்தியதில் உண்மையான மிச்சம் கிடைத்தது. ஏனெனில் டீசல் யந்திரம் காற்றை மிக இறுக்கி எரிப்பதால் உஷ்ணத்தில் அதிகப் பங்கை உழைப்பாக்குகிறது. ஏற்கெனவே டீசலில் ஓடும் பிக்கப்பில் அந்தச் செழிப்பு மீதமில்லை.

இனி நம் பட்டறைகளில் வழக்கமாகச் செய்யப்படும் மாறுதல்களைக் கவனிப்போம். டீசல் பம்பின் திருகை ஏற்றிவிட்டால் வண்டி இழுக்கும் என்பது உண்மை. கரும்புகை தள்ளும் என்பதும் உண்மை. அக்கரும்புகை காசு கொடுத்து வாங்கிய எண்ணெயேயாம். சைலன்சரைக் கழற்றுவதால் சத்தந்தான் மிகும். அகலமான டயர் போடுவதால் உருளுந் தடை கூடும். வெளிக்காற்றை அதிகம் விடுவதாகச் சொல்லும் விசேஷ பில்டர், புழுதி மிக்க நம் கிராமச் சாலைகளில் புழுதியையும் அதிகம் விடும்.

இவற்றினும் பெரிய தீமை, தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கியெறிவது. கோடையில் யந்திரம் சூடேறுகிறதென்று வண்டிக்காரர் முறையிட்டவுடன் இதைச் செய்யும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. இவ்வால்வு, நீர் ஏறக்குறைய 80 டிகிரிக்குச் சூடாகும் வரை அதை ரேடியேட்டருக்குப் போகவொட்டாமல் தடுத்து, யந்திரம் விரைவில் பக்குவச் சூட்டையடையச் செய்கிறது. அதை நீக்கினால், தோட்டத்திலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து தோட்டத்துக்குமாகக் குறுந்தூரம் ஓடும் வண்டி பெரும்பொழுதும் குளிர்ந்த யந்திரத்தோடேயே ஓடும். எண்ணெய்ச் செலவு கூடும். சிலிண்டரும் சீக்கிரம் தேயும். சூடேறும் காரணம் பெரும்பாலும் வேறு. உப்பு மிக்க கிணற்று நீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்கள் அடைபட்டிருக்கும், அல்லது விசிறிப் பட்டை தளர்ந்திருக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, நல்ல நீரும் கூலன்ட்டும் ஊற்றி, வால்வைத் திரும்பப் பொருத்துவதே சரியான சிகிச்சை. பழைய வண்டி வாங்குவோர் இவ்வால்வு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

ஆனால் பழைய யந்திரத்தைப் பழைய நிலைமைக்கே கொண்டுவருவதில் மெய்யான மிச்சம் உண்டு. இது மாறுதலன்று, ரிப்பேர். ஆகையால் ஒருவரும் இதை விளம்பரம் செய்வதில்லை. நாசில்கள் எண்ணெயைப் பனிபோல் தூவ வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்து துளித்துளியாக ஒழுகினால் எண்ணெய் எரியாமல் புகையாகும். நாசிலைக் கழற்றிக் கைப்பம்பில் வைத்துப் பார்த்தால் கண்ணாலேயே தெரியும். பம்பின் டைமிங் சில டிகிரி பிந்தினாலும் பலம் குறைந்து செலவு கூடும். டாப்பெட் இடைவெளி, காற்று பில்டர் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது விளங்கிவிடும். காற்றுக் குறைந்த டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நாமக்கல்லுக்கே உரிய விஷயம் ஒன்று. லாரிக் கூண்டு கட்டும் தொழிலில் இவ்வூர் தேசமெங்கும் பெயர் பெற்றது. பலமான கூண்டு வேண்டுமென்று சொந்தக்காரர் கேட்பதால், பிக்கப்புக்கும் கனத்த இரும்புச் சட்டங்கள் வைத்துக் கட்டுகின்றனர். கூண்டின் அதிகப்படி கனம் ஒவ்வொரு நடையிலும் வாடகையின்றி ஏறும் பாரம்; காலி வண்டி திரும்பும்போதும் அது இறங்குவதில்லை. மூன்று டன் மொத்த எடையோடு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பிக்கப்பில் டயரின் தடையும் காற்றின் தடையும் ஏறக்குறையச் சமம். 80-க்கு ஏற்றினால் டயர்த் தடை அதிகம் மாறாது. காற்றுத் தடையோ ஒன்றேமுக்கால் மடங்காகும். சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நாற்கர சாலையில் ஓட்டுநரின் கால் செய்யும் செலவை எந்தக் காந்தமும் ஈடுசெய்யாது. ஆலை வாசலில் கிழங்கு வண்டிகள் வரிசையில் நிற்கும்போது யந்திரத்தை ஓடவிடுவதால், மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வீணாகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

இவ்வளவு சொல்லியும், “எனக்கு மிச்சமாயிற்றே” என்போர் இருப்பர். அவர்கள் பொய் சொல்வதாக நாம் எண்ணவில்லை. அளந்த விதத்தில் பிசகு இருக்கும். பத்து லிட்டர் ஊற்றி அளக்கையில் டாங்கியின் கழுத்து மட்டத்தில் அரை லிட்டர் தவறினால் நூற்றுக்கு ஐந்து பிசகு. நாற்பது லிட்டருக்கு அதே தவறு ஒன்றேகால்தான். கிலோமீட்டர் முள் சக்கரத்தின் சுற்றையே எண்ணுகிறது. டயர் தேய்ந்து குறுக்களவு நூற்றுக்கு இரண்டரை குறைந்திருந்தால், ஓடாத தூரத்தையும் அது ஓடியதாகக் காட்டும். கருவி பொருத்தியவுடன் ஓட்டுநர் தம்மையறியாமல் நிதானமாக ஓட்டுவதும் வழக்கம். ஆகையால் சோதிக்க விரும்புவோர், ஒரே பங்கில், ஒரே மட்டத்துக்கு டாங்கியை நிரப்பி, ஒரே ஓட்டுநர், ஒரே சாலை, ஒத்த பாரம் என்ற நிபந்தனையில், மூன்று டாங்கிகள் கருவியோடும் மூன்று டாங்கிகள் கருவியின்றியும் மறுபடி மூன்று டாங்கிகள் கருவியோடும் ஓட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். கருவியைக் கழற்றியபோது செலவு ஏறி, மாட்டியபோது இறங்கினாலொழிய மிச்சம் நிரூபணமாகாது. விற்பவர் இச்சோதனைக்கு இசைந்து, பயனில்லையேல் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் குடிகள் கேட்கும்போது எடுத்துச்சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. யந்திரத்தையே மாற்றுவதும், வேறு எரிபொருளுக்குத் திருப்புவதும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதிக்கு உட்பட்டவை. பட்டறைக்காரர் “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னாலும், விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கோரிக்கை எழும்போது பதில் சொல்ல வேண்டியவர் சொந்தக்காரரே. ஆகவே அனுமதி எழுத்து மூலம் கைக்கு வந்து, மாறுதல் பதிவுச் சான்றில் ஏறிய பின்னரே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும்.