எறும்புப் படையிலும் மீட்புக் குழு உண்டு!

இந்தியாவில் நரியைவிடப் பெரிய, நாயைவிடச் சிறிய எறும்புகள் இருக்கின்றன. அவை மண்ணைத் தோண்டித் தங்கம் எடுக்கின்றன! ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் இப்படி எழுதி வைத்தார் கிரேக்க நாட்டு ஹெரோடோட்டஸ். தருமரின் ராஜசூய யாகத்துக்கு எறும்புத் தங்கம் காணிக்கையாக வந்தது என்கிறது நம் மகாபாரதம்.

மாரிகுப்பத்துக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை உடைத்துத் தங்கம் எடுத்த ஊர் அல்லவா தங்கவயல்! ஆனால் கதையில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில், தங்கம் புதைந்துள்ள நிலத்தின் மேலிருக்கும் கறையான், எறும்புப் புற்று மண்ணில் நுண்ணிய தங்கத் துகள்கள் இருப்பதை 2012-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அள்ளி உருக்க முடியாத அளவுதான். ஆனால் கீழே தங்கம் உண்டு என்று காட்டிக் கொடுக்க அது போதும்.

காற்றும் பயிரும்

சுரங்கத்தில் முதல் கவலை காற்று. கறையானுக்கும் அதே கவலைதான். பெங்களூரில் உள்ள புற்றுகளை ஆராய்ந்து 2015-ல் ஒரு முடிவு வெளியானது. பகலில் புற்றின் வெளிச்சுவர் சூடாவதால் ஓரத்துக் காற்று மேலேறி, நடுப்பகுதி வழியாகக் கீழிறங்குகிறது. இரவில் இது தலைகீழாக மாறுகிறது. விசிறி இல்லை, மோட்டார் இல்லை. புற்றே மூச்சு விடுகிறது!

உள்ளே விவசாயமும் நடக்கிறது. அரைத்த இலை, மரத்தூள் மீது கறையான் பூஞ்சையைப் பயிர் செய்து உண்கிறது. மழைக்குப் பின் நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அந்த வயலில் முளைத்ததுதான்.

செடிகளும் சளைத்தவை அல்ல. தொட்டாற்சிணுங்கித் தொட்டியைச் சிறிது உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டார்கள். முதலில் இலையை மூடிய செடி, ஆபத்து இல்லை என்றானதும் மூடுவதை நிறுத்திவிட்டது. வெடிச் சத்தத்துக்குப் பழகிப்போன தொழிலாளியைப் போல! 28 நாள் கழித்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை. 2014-ல் வெளியான இந்த முடிவை 'ஞாபகசக்தி' என்று சொல்லலாமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

எறும்பு டாக்டர்

எல்லாவற்றையும் மிஞ்சுவது ஆப்பிரிக்காவின் மாட்டபிலி எறும்பு. இது கறையானை வேட்டையாடப் படையாகப் போகும். சண்டையில் கால் இழந்த எறும்பு ஒருவித வாசனையை விடும். உடனே கூட்டாளிகள் அதைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குத் திரும்பும். அங்கே வேறு எறும்புகள் காயத்தை நக்கிச் சுத்தம் செய்யும். இந்தச் சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 80 எறும்புகள் ஒரே நாளில் சாகின்றன. சிகிச்சை பெற்றால் சாவது 10 மட்டுமே. காயத்தில் கிருமி புகுந்தால், தன் உடம்பில் சுரக்கும் மருந்தையே பூசுகிறது என்று 2023-ல் தெரிந்தது.

அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவகைத் தச்சன் எறும்பு 'ஆபரேஷன்' கூடச் செய்கிறது. தொடையில் காயம் என்றால் காலையே கடித்துத் துண்டித்து உயிரைக் காப்பாற்றுகிறது. முழங்காலுக்குக் கீழே காயம் என்றால் வெட்டுவதில்லை. சுத்தம் செய்வதோடு சரி. இது 2024-ல் வெளியான செய்தி.

அப்படியானால் எறும்புக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

மாட்டபிலி எறும்பு காப்பாற்றுவது பெரும்பாலும் பிழைத்து வேலைக்குத் திரும்பக் கூடியவற்றைத்தான். ஐந்து கால் போன எறும்பு, தூக்க வந்தவைகளோடு ஒத்துழைக்காமல் புரளும். அதை அங்கேயே விட்டுவிடுகின்றன. மீட்பு வேலையால் புற்றில் உள்ள கூட்டத்தின் அளவு ஏறத்தாழ 29 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எறும்பின் கணக்கு கூட்டத்தின் லாபக் கணக்கு.

மனிதனின் கணக்கு வேறு. பாறைத் தூசியைச் சுவாசித்து சிலிகோசிஸ் வந்தவர் மறுபடி 'ஷிப்டு'க்குப் போகமாட்டார் என்பது வீட்டாருக்குத் தெரியும். தெரிந்தும் இருமலோடு படுத்தவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, வருஷக் கணக்கில் பார்த்துக்கொண்ட வீடுகள் தங்கவயல் லைன்களில் உண்டு. 2001-ல் சுரங்கம் மூடியது. விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களில், அப்படிப்பட்ட வீடுகளின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.