தரை தட்டிப் பிழைத்த கப்பல்கள்

கப்பல் தரை தட்டிற்று என்றால் அது துயரச் செய்தி. கப்பலுக்குரியவர் முகம் வாடும்; காப்புறுதிக் கம்பனிக்காரர் கணக்குப் புத்தகத்தைத் தேடுவர்; கப்டனின் உத்தியோகம் ஆட்டங் காணும். ஆனால், வேண்டுமென்றே தரை தட்டி, அவ்வாறு தட்டுவதையே தொழிலாகக் கொண்டு, நூறாண்டுக்கு மேலாகப் பிழைத்த கப்பல்களும் உலகில் இருந்தன. ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையிலே, கிளைட் ஆற்று முகத்தையும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளையும் தமக்குரிய வீதியாகக் கொண்டு திரிந்த 'பஃபர்' என்னும் சிறு சரக்குக் கப்பல்களே அவை.

தேசப்படத்தை விரித்துப் பார்க்கும் மாணவர், ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரை கிழிந்த துணியின் ஓரம் போல் இருப்பதைக் காண்பர். நிலத்தினுள் நெடுந்தூரம் நுழைந்த கடற்கால்கள். அவற்றுக்கு வெளியே அரன், ஐலா, ஜூரா, மல், டைறீ என நீண்டு செல்லும் தீவுகள். இவற்றிற் பலவற்றில் பெரிய கப்பல் அணைவதற்கு இறங்குதுறை இருக்கவில்லை. குளிரோ கொடிது. விறகுக்குக் காடு இல்லை. சதுப்பு நிலத்துப் புல்மண்ணை வெட்டி உலர்த்தி எரிப்பது அந்நாட்டார் வழக்கம்; டைறீ போன்ற தீவுகளில் அந்த மண்ணுங் கிடையாது. ஆகவே, அடுப்பு எரிய வேண்டுமாயின் நிலக்கரி கடல்கடந்து வரவேண்டும். கரி கிடைக்கும் ஏயர்ஷயர்ச் சுரங்கங்களோ தொலைவில் இல்லை. இடையிலுள்ள கடலை யார் கடப்பது, துறையில்லாத கரையில் எவ்வாறு இறக்குவது என்பதே வினா. பஃபர் அதற்கு விடையாய் அமைந்தது.

விசித்திரம் யாதெனில், இக் கப்பல் கடலிற் பிறந்ததன்று; வாய்க்காலிற் பிறந்தது. ஸ்கொத்லாந்தின் இடுப்புப் போன்ற ஒடுங்கிய நிலப்பகுதியைக் குறுக்கே ஊடறுத்து, கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் இணைக்கும் ஃபோர்த் - கிளைட் கால்வாய் 1790இல் நிறைவெய்தியது. அதன் நீளம் 35 மைல். மேட்டு நிலத்தைக் கடப்பதற்காக அக் கால்வாயில் இரு புறமுங் கதவிட்ட நீர்த்தொட்டிகள் படிப்படியாக அமைக்கப்பட்டன. படகு ஒரு தொட்டியினுள் நுழைந்ததும் பின்கதவை அடைத்து, மேலிருந்து நீரைத் திறந்து விடுவர். நீர் உயர, படகும் உயரும். பின்னர் முன்கதவு திறக்கும். இத் தொட்டியுள் அடங்காத கப்பல் அக் கால்வாயில் ஓடவியலாது. அதனாலே பஃபரின் நீளம் 66 அடி, அகலம் ஏறக்குறைய 18 அடி என்று விதிக்கப்பட்டாற் போல் ஆயிற்று. கப்பலைக் கட்டியவன் கையில் அளவுகோல் இருந்தது உண்மை. ஆயினும் அளவை நிருணயித்தது பழைய கற்றொட்டியே.

தொடக்கத்தில் அக் கால்வாயிற் படகுகளைக் கரையில் நடக்கும் குதிரைகள் இழுத்துச் சென்றன. 1856இல் 'தோமஸ்' என்னும் இரும்புப் படகில் ஒரு நீராவி யந்திரத்தைப் பொருத்திப் பரீட்சித்துப் பார்த்தனர். பரீட்சை பலித்தது. கால்வாயில் நன்னீர் வேண்டிய மட்டும் உண்டாதலால், கொதிகலத்துக்கு நீர் குறையுமோ என்ற கவலையில்லை. வேலை முடிந்த நீராவியைக் குளிரவைத்து மீண்டும் நீராக்கும் கருவியும் அவசியப்படவில்லை. அந் நீராவியை நேரே புகைபோக்கி வழியாக வெளியே விட்டனர். யந்திரம் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் புகைபோக்கி 'பஃப், பஃப்' என்று மூச்சு விட்டது. பஃபர் என்ற பெயர் வந்த வரலாறு இதுவே. பின்னர் இவை கடலுக்குச் சென்றன. உப்புநீர் கொதிகலத்தைக் கெடுக்குமாதலால், நன்னீரை வீணாக்காது நீராவியைக் குளிர்விக்குங் கருவி அங்கே அவசியமாயிற்று. கருவி வந்தது, மூச்சு நின்றது, பெயர் மட்டும் நிலைத்தது.

கப்பலில் இருந்தோர் மூவர் அல்லது நால்வர். கப்டன் ஒருவர் - நம் கரையோரத்தில் தண்டையல் என்று சொல்வோமே, அத்தகையவர் - அவருக்குத் துணையாக ஒருவர், யந்திரகாரர் ஒருவர், சமையலும் எடுபிடி வேலையும் செய்யும் பையன் ஒருவன். அணியத்திலுள்ள முக்கோண வடிவான சிற்றறை ஒன்றே அவர்களுக்கு வீடு. அதில் ஓர் அடுப்பு, சுற்றிவரப் படுக்கைப் பலகைகள். நனைந்த உடுப்பும், வேகும் மீனும், புகையிலையும் சேர்ந்த வாசனையை வாசகரே ஊகித்துக்கொள்க. நடுப்பகுதி முழுவதும் சரக்கறை. அதன் வாயைப் பலகைகளால் மூடிப் படங்கு விரித்து இறுக்கிக் கட்டுவர். பின்புறத்திற் கொதிகலம், யந்திரம், புகைபோக்கி. பழைய கப்பல்களிற் சுக்கான் சக்கரம் புகைபோக்கிக்குப் பின்னால் வெட்ட வெளியில் இருந்தது. கப்டன் மழையிலும் காற்றிலும் நின்று, புகைபோக்கியின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தே வழியறிந்தார். நூறு தொன் கரியை ஏற்றிய பஃபர் நீர்மட்டத்துக்கு மிக அண்மையாகத் தாழ்ந்து நிற்கும். அலை தளத்தின் மேல் ஏறிக் கடந்து போவது அவர்களுக்கு அன்றாடக் காட்சி.

இனி அந்தத் தரை தட்டும் வித்தைக்கு வருவோம். யாழ்ப்பாணக் கடலிலே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒன்றிரண்டு அடிக்கு மேற் போவதில்லை. அதனை மட்டும் கண்டு பழகியவர்க்கு ஸ்கொத்லாந்துக் கடல் பெருவியப்பைத் தரும். மல் தீவை அடுத்த கரைகளிலே, அமாவாசை பூரணையை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் பத்துப் பன்னிரண்டு அடி உயர்ந்து, ஆறு மணி நேரத்தில் அவ்வளவும் இறங்கிவிடும். காலையிற் கப்பல் மிதந்த இடத்தில் நண்பகலிற் குதிரை நடக்கும்.

பஃபரின் அடிப்பாகம் தட்டையானது. பெருக்கு உச்சத்தை அடையுந் தறுவாயிற் கப்டன் கப்பலை மணற்கரையை நோக்கி மெல்லச் செலுத்துவார். அடி மணலில் அமரும். நீர் வற்ற வற்ற, கூரான அடியுடைய கப்பலாயின் பக்கவாட்டிற் சரிந்து விழும்; பஃபரோ சம்மணமிட்டு இருப்பதுபோல் நிமிர்ந்து நிற்கும். நீர் விலகியதும் தீவுவாசிகள் குதிரை வண்டில்களை மணல்மீது ஓட்டி வந்து கப்பலின் விலாவோடு நிறுத்துவர். சரக்கறையின் உள்ளே இறங்கிய மாலுமிகள் சவளாற் கரியை அள்ளிப் பெரிய இரும்பு வாளியை நிரப்புவர். நீராவியாற் சுழலும் 'வின்ச்' பொறி வாளியை மேலே தூக்கும்; கம்பத்திற் பொருத்திய தூக்குமரம் அதை வெளிப்புறந் திருப்பும்; வண்டிலிற் கரி கொட்டும். மீண்டும் வாளி உள்ளே இறங்கும்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. கப்பலைச் செலுத்தியவர்களே கரியையும் அள்ளினார்கள். இரவெல்லாம் சுக்கானைப் பிடித்தவரும் கொதிகலத்தைப் பார்த்தவரும் விடிந்ததுங் கையிற் சவளை எடுக்க வேண்டும். துறைமுகத் தொழிலாளி என்று வேறொருவர் அக் கரையில் இல்லை. நீர் மீண்டும் வருவதற்குள் இயன்றவரை இறக்க வேண்டும். ஒரு வற்றில் முடியாவிடின் அடுத்த வற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அது நள்ளிரவில் வந்தாலும் விளக்கை ஏற்றிக்கொண்டு வேலை நடக்கும். கடிகாரத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஞாயிறும் சந்திரனும் இட்ட நேர அட்டவணையே அட்டவணை.

அந்த அட்டவணையைப் பிழையாக வாசித்தவனுக்குத் தண்டனையும் உண்டு. அமாவாசை, பூரணையை அடுத்துப் பெருக்கு உச்சத்தை அடைகிறது. அதன்பின் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் குறைந்து, அட்டமியை ஒட்டி மிகத் தாழ்வாகிறது. ஆகவே உச்சப் பெருக்கிலே ஆசைப்பட்டு மணலில் மேலே ஏறிய கப்பலை அடுத்த பெருக்கு எட்டாமற் போகலாம். அதற்கடுத்தது இன்னுந் தாழ்ந்து போகும். கப்பல் ஏறக்குறைய இரண்டு வாரம் அங்கேயே கிடக்கும். கூலியும் இல்லை, அடுத்த சரக்கும் இல்லை. அனுபவமுள்ள கப்டன் உச்சத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வந்து சேர்வார்; அப்போது ஒவ்வொரு பெருக்கும் முந்தியதை விட உயர்ந்து வந்து கப்பலை எடுத்துக்கொள்ளும். மணலின் கீழ்ப் பாறை எங்கே, ஓடை எங்கே, எந்தக் காற்றில் எந்தக் கரையை நெருங்கலாகாது என்பனவெல்லாம் அவருடைய ஞாபகத்தில் இருக்கவேண்டும். மிகவும் ஆபத்தான வேளை கப்பல் மணலில் அமரும் வேளையும் மணலை விட்டு எழும் வேளையுமே. பாதி மிதந்தும் பாதி தட்டியும் நிற்கையில் அலை எழுந்தால் அடித்தகடு மணலிலே மோதி மோதி உடையும்.

இவ்வளவு பாடும் எதற்காக? டைறீயிலும் ஐயோனாவிலும் வாழ்ந்த சிறு குடியானவனுக்கு அந்தக் கரிக்கப்பல் குளிர்காலம் முழுவதற்குமான அடுப்பைக் கொண்டுவந்தது. பாடசாலைக்கும் வைத்தியர் வீட்டுக்கும் பங்கு அதிலேதான். கப்பல் வரும் நாளில் ஊரே கரையிற் கூடியதில் அதிசயமில்லை.

திரும்பும்போது கிடைத்ததை ஏற்றினர்: மரம், மணல், சரளைக்கல், சிலவேளை ஆடுமாடு. ஐலா தீவின் விஸ்கி வடிசாலைகளுக்குப் பார்லியும் கரியும் கொண்டுசென்று, நிறைந்த பீப்பாய்களுடன் மீண்டனர். வெளித்தீவுகளுக்குச் செல்லும் கப்பல்கள் கின்டைர் முனையின் கொடிய நீரோட்டத்தைத் தவிர்ப்பதற்காகக் கிரினான் கால்வாயிற் புகுந்தன. 1801இல் திறந்த அக் கால்வாய் 9 மைல் நீளமும் 15 தொட்டிகளும் உடையது. அத் தொட்டிகள் சற்றே பெரியன. அதனால் வெளிக்கடற் பஃபர்களும் 88 அடிவரை வளர்ந்தன. மீண்டுந் தொட்டியே கட்டளையிட்டது!

இவற்றைக் கட்டிய பட்டறைகளிற் புகழ்பெற்றது கேர்க்கின்டிலொக் என்ற ஊரில் இருந்தது. கடலிலிருந்து பல மைல் உள்ளே, கால்வாயின் கரையில். கால்வாய் ஒடுக்கமாதலாற் கப்பலைப் பக்கவாட்டாகவே நீரில் தள்ளுவர். எழும் அலை எதிர்க்கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களை நனைக்கும். அங்குள்ள ஹே கம்பனியார் தங்கள் கப்பல்களுக்கு உலகத்து இனங்களின் பெயர்களைச் சூட்டினர்: ஸ்பார்ட்டன், இன்கா, போயர். 'லாஸ்கர்' என்றும் ஒன்றுண்டு. அது வெள்ளையர் கப்பல்களில் வேலை செய்த நம் பக்கத்து மாலுமிகளுக்கு வழங்கிய பெயர்.

பஃபர் இலக்கியத்திலும் இடம்பெற்றது. நீல் மன்றோ என்னும் எழுத்தாளர் 1905 முதற் கிளாஸ்கோ மாலைப் பத்திரிகையொன்றிற் 'பாரா ஹான்டி' என்ற கப்டனையும் அவனது 'வைட்டல் ஸ்பார்க்' என்ற பஃபரையும் வைத்து நகைச்சுவைக் கதைகள் எழுதினார். 1954இல் வெளியான 'த மாகி' என்ற திரைப்படத்தில், தந்திரக்காரக் கிழக் கப்டனிடம் சரக்கை ஒப்படைத்த அமெரிக்கச் செல்வர் ஒருவர், ஈற்றில் கப்பலைக் காப்பதற்காகத் தம் சரக்கையே கடலில் எறியச் சம்மதிக்கிறார். கதையும் படமும் சுவையானவையே. ஆயினும், பஃபர் மாலுமி என்றாற் சோம்பேறியான கோமாளி என்ற எண்ணம் அவற்றால் ஊரெங்கும் பரவிற்று. நூறு தொன் கரியைச் சவளால் அள்ளியவனைச் சோம்பேறி என்பது என் மனத்துக்கு ஒவ்வவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியக் கடற்படை தன் போர்க்கப்பல்களுக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டு செல்லச் சிறு கப்பல்களைத் தேடியபோது, புதிதாக ஒன்றைச் சிந்திக்காது பஃபரின் மாதிரியையே தெரிந்தது. அது எண்ணெயை எதிர்பாராது கரியில் ஓடுவது. எந்தச் சிறு துறையிலும் நுழைவது. 'விக்' என்ற பெயரும் இலக்கமும் இட்டு அத்தகைய கப்பல்கள் பல கட்டப்பட்டன.

யுத்தத்தால் அழியாத தொழிலை றோட்டும் லொறியும் அழித்தன. தீவுகளுக்கு மின்சாரமும் எண்ணெயும் வந்தன. வாகனங்களை அப்படியே ஏற்றிச் செல்லும் பாதைக்கப்பல்கள் வந்தபின், கரிக்கிடங்கிற் புறப்பட்ட லொறி தீவுக்காரர் வீட்டு வாசலிலேயே போய் நின்றது. ஃபோர்த் - கிளைட் கால்வாய் 1963இல் மூடப்பட்டது. பஃபர்களிற் சில டீசல் யந்திரம் பூட்டிக்கொண்டு காலந் தள்ளின. எஞ்சியிருந்த கம்பனிகள் 1968இல் ஒன்றாயின. அவ்வாறிருந்தும் அரசாங்க உதவி நின்றதும் 1990களில் அத் தொழில் முடிவுற்றது. கால்வாய் 2001இல் மீளத் திறக்கப்பட்டபோது அதிற் சென்றவை உல்லாசப் படகுகள்.

கேர்க்கின்டிலொக்கிற் கட்டிய ஸ்பார்ட்டன், ஏர்வின் நகரிலுள்ள கடற்றொழில் நூதனசாலைக்குரியதாயிற்று. 1943இல் யோர்க்ஷயரிற் கட்டிய 'விக் 32'க்கோ வேறொரு வாழ்வு கிடைத்தது. அதன் சரக்கறையை 1970களில் அறைகளாக மாற்றி விடுமுறைப் பிரயாணிகளை ஏற்றினர். அப் பிரயாணிகள் கட்டணமுஞ் செலுத்தி, முறை வைத்துக் கொதிகலத்துக்குச் சவளாற் கரியும் அள்ளிப் போட்டனர்.