வெலிங்டன் முதல் ஜகார்த்தா வரை: யார் இந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ்?

தேனியோ, கம்பமோ, சின்னமனூரோ... சாயங்காலம் மைதானத்தில் டீம் பிரித்ததும் வரும் முதல் சண்டை ஒன்றுதான்: கோல்ல யார் நிக்கிறது? எல்லோருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. இந்தியாவின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான பீட்டர் தங்கராஜும் முதலில் ஃபார்வர்டு வீரர்தான்.

எப்படி கோல்கீப்பர் ஆனார்?

1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் கோல்கீப்பராக மாறினார். நீலகிரியின் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி 1955, 1958 என இரண்டு முறை டூரண்ட் கோப்பையை வென்றது. கொல்கத்தாவின் பெரிய கிளப்புகள் குறிவைக்கும் கோப்பை அது. அந்த அணியின் கோல்கீப்பர் தங்கராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸை இந்தியா 1-1 என டிரா செய்தபோதும் கோலில் நின்றது இவர்தான்.

ஜகார்த்தாவில் என்ன நடந்தது?

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி. தங்கராஜுக்குக் காய்ச்சல். அரையிறுதியில் பிரத்யோத் பர்மன் கோலில் நின்றார். இந்தியா 3-2 என தெற்கு வியட்நாமை வென்றது. ஃபைனலில் எதிரணி தென் கொரியா. முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2-0 எனத் தோற்கடித்த அதே அணி.

ஜெயித்துக்கொண்டிருக்கும் கோல்கீப்பரை மாற்றுவதா? காய்ச்சலில் இருந்து எழுந்தவரை இறக்குவதா? பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், உயரமான தங்கராஜையே இறக்கினார். மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அனுமதிக்காததை இந்தியாவின் ஜி.டி.சோந்தி எதிர்த்ததுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம். பி.கே.பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, கடைசி நேரத்தில் கொரியா ஒன்று திருப்பியது. 2-1. தங்கம்! ஆசிய விளையாட்டு கால்பந்தில் இந்தியா வென்ற கடைசித் தங்கம் இன்று வரை அதுதான்.

அதன் பிறகு?

மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகளுக்கு ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது. ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்சியாளரானார். 2008-ல் பொக்காரோவில் காலமானார்.

அந்த ஃபைனலைப் பற்றித் தேடினால் கோல் அடித்த இருவரின் பெயர் உடனே வரும். தடுத்தவரின் பெயர் ஸ்கோர் வரியில் இருக்காது. அடுத்த முறை யாராவது "நீ கோல்ல நில்லுடா" என்றால் முகம் சுளிக்க வேண்டாம். அது தங்கராஜ் நின்ற இடம்.