காலை விடு, இடுப்பைப் பார்!

தில்லிச் சுட்டிகளே!

உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சுவர் மூலையில், ஒழுங்கில்லாத வலையில், மெல்லிய நீளக் கால்களோடு ஒருவர் தலைகீழாகத் தொங்குவார். லேசாக ஊதினால் உடம்பைக் கிடுகிடுவென்று ஆட்டுவார். "இது சிலந்திதானா, மாமா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ்! விஞ்ஞானிகளுக்கு வருகிற சந்தேகம் அது.

அது சிலந்தியேதான். ஆனால் இதே மாதிரி நீளக் கால்களோடு இன்னொரு பிராணி உண்டு. அதன் பெயர் ஹார்வெஸ்ட்மேன். ஈரம் என்றால் அதற்கு உயிர். இமயமலைக் காடுகளிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது.

இரண்டுக்கும் எட்டுக் கால். அப்புறம் எப்படிப் பிரித்துச் சொல்வது? காலை விடுங்கள், இடுப்பைப் பாருங்கள்.

சிலந்தியின் உடம்பு இரண்டு பகுதி. நடுவில் ஒடிசலான இடுப்பு. ஹார்வெஸ்ட்மேனுக்கு இடுப்பே தெரியாது. உடம்பு முழுக்க ஒரே துண்டு மாதிரி இருக்கும்.

அடுத்தது கண். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண். ஹார்வெஸ்ட்மேனுக்கு இரண்டே. முதுகில் சின்ன மேடு இருக்கும். அதன் இடப்பக்கம் ஒரு கண், வலப்பக்கம் ஒரு கண்.

மூன்றாவது வலை. ஹார்வெஸ்ட்மேனுக்கு நூல் சுரக்காது, வலை பின்னவும் தெரியாது. விஷமும் கிடையாது. சிலந்தி இரையைக் கரைத்து உறிஞ்சும். இதுவோ துண்டு துண்டாகப் பிய்த்துத் தின்னும்.

இதுவரை புரிந்ததா? இடுப்பு, கண், வலை. அவ்வளவுதான்!

ஹார்வெஸ்ட்மேனின் பார்வை மந்தம். அப்படியானால் எப்படி வழி கண்டுபிடிக்கிறது? இரண்டாவது ஜோடிக் கால்தான் எல்லாவற்றிலும் நீளம். அதை முன்னால் நீட்டித் தொட்டுத் தொட்டுப் பார்த்தே நடக்கும். ஆகஸ்ட் 15 அன்று மொட்டை மாடியில் பட்டம் விடுகிறீர்களே, அண்ணாந்து பார்க்காமலே விரலில் இழுக்கும் நூலை வைத்துக் காற்றைக் கண்டுபிடிப்பீர்கள் இல்லையா? அந்த மாதிரி.

உலகில் 6,500-க்கும் மேற்பட்ட ஹார்வெஸ்ட்மேன் இனங்கள் இருக்கின்றன. அவற்றை நான்கு பெரும் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒரு பிரிவு பொடிசுகள். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். உதிர்ந்த இலைகளுக்கு அடியிலேயே வாழ்ந்துவிடும். நம் வடகிழக்கிலிருந்து 2007-ல் அறிமுகமான ஒரு பொடிசுக்கு 'மேகாலயா' என்றே பெயர்!

இலங்கைக் காடுகளில் 'பெட்டாலஸ்' என்று ஒரு பொடிசு உண்டு. அதன் சொந்தக்காரர்கள் எங்கே தெரியுமா? மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி! இலைக் குப்பையைத் தாண்டாத பிராணி கடலை எப்படித் தாண்டியது? கொஞ்சம் யோசியுங்கள்.

தாண்டவே இல்லை. நிலம்தான் நகர்ந்தது! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாடுகளெல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்தன. பிறகு நிலம் பிளந்து விலகியது. இருந்த இடத்திலேயே இருந்த குடும்பம், துண்டு துண்டாகப் பிரிந்துவிட்டது. உறவுமுறை பார்த்து வகைப்படுத்தினால், பூமியின் பழைய கதையே வெளியே வருகிறது பார்த்தீர்களா?

விடுமுறையில் முசூரிக்கோ கொடைக்கானலுக்கோ போனால், ஈரப் பாறை இடுக்குகளில் ஹார்வெஸ்ட்மேனைத் தேடுங்கள். கையால் மட்டும் பிடிக்காதீர்கள். பயந்தால் காலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். போன கால் திரும்ப முளைக்காது. தள்ளி நின்று பார்த்து நோட்டில் எழுதுங்கள்: இடுப்பு இல்லை, கண் இரண்டு, வலை இல்லை. மூன்றும் சரியாக வந்தால், அது யார் என்று இனி நீங்களே மற்றவர்களுக்குச் சொல்லலாம்.