நுரை வர்ற தண்ணி எல்லாம் நல்ல தண்ணியா?



என் முன்பல் ரெண்டிலும் பழுப்புக் கோடு இருக்கிறது உங்களில் பலருக்குத் தெரியும். "பல்லு விளக்கவே மாட்டியா?"ன்னு கேட்டு சிரிச்சவங்களும் இதைப் படிப்பீங்க. தினமும் ரெண்டு வேளை விளக்கறேன். சாம்பல், உப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தாச்சு. போகல. அந்தக் கோபத்தில்தான் நம்ம ஊர்த் தண்ணியைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது உப்புத் தண்ணி மேலதான். எங்க வீட்டு போர் தண்ணியில் சோப்புப் போட்டா நுரைக்குப் பதிலா வெள்ளைத் திப்பி வரும். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விதை மாதிரி நிக்கும். வெந்நீர் அண்டாவுக்குள்ளே சுண்ணாம்பு அடிச்ச மாதிரி படிஞ்சிருக்கும். இந்தத் தண்ணிதான் பல்லைக் கெடுத்திருக்கணும்னு நினைச்சேன்.

கடின நீர் எப்படி உண்டாகுதுன்னு பாடத்திலேயே இருக்கு. மழைத் தண்ணி காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கிட்டு லேசான அமிலமாகுது. அது பாறை இடுக்கில் இறங்கும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைச்சு எடுத்துக்குது. ஆனா பாடத்தில் இல்லாத ஒரு விஷயம் இருக்கு. சாமல்பட்டி பேரு உலகத்துப் பாறை ஆராய்ச்சிக்காரங்களுக்குத் தெரியும்! இங்கேயும், திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரிலும் கார்பனடைட்னு ஒரு அபூர்வப் பாறை இருக்கு. பூமிக்குள்ளே பாறைக் குழம்பாக இருந்து இறுகின சுண்ணாம்புப் பாறை அது. பொதுவா சுண்ணாம்புக்கல் கடலடியில் படிஞ்சு உருவாகும். நம்மது நெருப்பில் பிறந்தது. ரயிலை விட்டு இறங்குற யாருக்கும் இது தெரியாது, நமக்கே தெரியாது.

தண்ணியைக் கொதிக்க வைக்கும்போது அந்த கார்பன் டை ஆக்சைடு வெளியே போயிடுது. கரைஞ்ச சுண்ணாம்பு மறுபடி கல்லாகி அண்டாவில் ஒட்டிக்குது. இதுதான் தற்காலிகக் கடினத்தன்மை. புளித்தண்ணி ஊத்தி ஊற வெச்சா கரை விடும், ஏன்னா புளி அமிலம். சல்பேட், குளோரைடாக இருக்கிற கடினத்தன்மை கொதிக்க வைச்சாலும் போகாது. அதுக்குப் பேரு நிரந்தரம். பருப்பு வேகாததுக்கும் கால்சியம்தான் காரணம். அது பருப்பில் இருக்கிற பெக்டினைக் கெட்டியாப் பிடிச்சுக்குது. ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டா இளகுறதை அம்மாக்கள் நமக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்க.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிதண்ணியில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேற வழி இல்லைன்னா 600 வரை அனுமதி. 600 உள்ள தண்ணியை 15 லிட்டர் குடத்தில் பிடிச்சா அதில் 9 கிராம் சுண்ணாம்புக்குச் சமமானது கரைஞ்சிருக்கும். கிட்டத்தட்ட ரெண்டு டீஸ்பூன்! ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலக் கணக்கில் எந்த உச்ச அளவும் வைக்கல. சோப்புக்கும் அண்டாவுக்கும்தான் அது எதிரி. என் பல்லுக்கு இல்லை.

அப்போ யாரு?

ஃப்ளோரைடு. இதுக்கு நிறமும் வாசனையும் கிடையாது, குடிக்கிற அளவில் ருசியும் தெரியாது. அனுமதி அளவே லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதிகபட்சம் 1.5. பல் ஈறுக்குள்ளே உருவாகுற வயசில், அதாவது சுமார் 8 வயசுக்குள்ளே, இது அதிகமா உள்ளே போனா எனாமல் சரியா அமையாது. முதலில் வெள்ளைத் திட்டு, அப்புறம் பழுப்பு. கறை பல்லு மேல ஒட்டினது இல்லை, பல்லோடவே உருவானது. பிரஷ்ஷால என்ன செய்ய முடியும்? ரொம்ப வருஷம் அதிக அளவில் குடிச்சா எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். அதுதான் பெரிய கொடுமை.

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901-ல் மெக்கே என்கிற பல் டாக்டர் வந்தார். ஊர்ப் பிள்ளைங்க பல்லெல்லாம் பழுப்பா இருக்கிறதைப் பார்த்துக் காரணம் தேடினார். ஃப்ளோரைடுதான்னு தெரிய 1931 ஆயிடுச்சு. முப்பது வருஷம்! அந்தப் பழுப்புப் பல்லில் சொத்தை குறைவுன்னும் அவர் கவனிச்சார். (சிரிச்சவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிக்கவும்.) நம்ம நாட்டில் 1937-லேயே நெல்லூர் பக்கம் இந்த நோயைக் கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது பெரிய பிரச்சினையா இருந்ததாலதான் காவிரித் தண்ணி வந்தது. ஒகேனக்கல் திட்டத்தோட முழுப் பேரு 'ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம்'. நோயோட பேரு திட்டத்தோட பேரிலேயே இருக்கு. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013 மே மாதம் தொடங்கினாங்க. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல. ஆற்றுத் தண்ணி பாறை இடுக்கில் பல வருஷம் கிடக்கிறது இல்லை, அதனால ஃப்ளோரைடு குறைவு. மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணியையும் கலந்து விட்டா கணக்கு மாறிடும், அதையும் சொல்லணும்.

நடுவில் ஒரு வேடிக்கை. எங்க தெருவுக்கு ஆர்.ஓ. மெஷின் விற்க ஒருத்தர் வந்தார். ரெண்டு டம்ளர் தண்ணியில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். எங்க தண்ணி துருப்பிடிச்ச சாக்கடை மாதிரி ஆச்சு, அவர் தண்ணி அப்படியே இருந்தது. அம்மா பயந்துட்டாங்க. உண்மையில் அந்த நிறம் அவரோட இரும்புக் கம்பி கரைஞ்சு வந்தது! உப்பு இருந்தா கரண்ட் பாயும், கம்பி கரையும். அவர் தண்ணியில் உப்பு இல்லை, அவ்வளவுதான். அவர் காட்டின டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பைத்தான் சொல்லும், ஃப்ளோரைடைத் தனியா சொல்லாது. ஆனா நியாயமா ஒண்ணு சொல்லணும்: ஆர்.ஓ. ஃப்ளோரைடை நிஜமாவே நல்லாக் குறைக்கும். கொதிக்க வைக்கிறது குறைக்காது. தண்ணி ஆவியாகிப் போக, ஃப்ளோரைடு கெட்டியாத்தான் ஆகும். படிகாரம், தேத்தாங்கொட்டை போட்டா கலங்கல் தெளியும். ஆனா நாக்பூர் நீரி நிறுவனத்தோட நல்கொண்டா முறையில் படிகாரத்தையும் சுண்ணாம்பையும் அளவாச் சேர்த்து ஃப்ளோரைடையே குறைக்கிறாங்க. கண் அளவில் போட்டா நடக்காது.

இப்போ என் கதைக்கு வர்றேன். 6 வயசு வரைக்கும் நான் ஆயா வீட்டில் வளர்ந்தேன். அங்கே போர் தண்ணி அருமையா இருக்கும். தொட்டாலே நுரை வரும், பருப்பு பூவா வேகும். ஊரே "நல்ல தண்ணி"ன்னு குடம் கொண்டு வந்து பிடிப்பாங்க. லீவில் போனப்போ, கிராமங்களில் தண்ணி சோதிக்கிற பெட்டி வெச்சிருந்த அக்கா ஒருத்தங்க வந்தாங்க. எங்க வீட்டுப் போர் தண்ணியை நான் பாட்டிலில் கொண்டு போயிருந்தேன். ரெண்டிலும் சிவப்பு மருந்தைச் சொட்டு விட்டாங்க. ஃப்ளோரைடு இருந்தா அந்தச் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். பருப்பு வேகாத எங்க வீட்டுத் தண்ணி இளஞ்சிவப்பாவே இருந்தது. ஆயா வீட்டு 'நல்ல தண்ணி' மஞ்சளாச்சு.

அந்த அக்காதான் காரணம் சொன்னாங்க. கால்சியம் நிறைய உள்ள தண்ணியில் ஃப்ளோரைடு அதிகமாத் தங்க முடியாது, ரெண்டும் சேர்ந்து படிஞ்சிடும். கால்சியம் குறைஞ்ச, சோடா உப்பு மிகுந்த தண்ணியில்தான் அது தாராளமாக் கரைஞ்சு நிக்கும். எல்லா இடத்திலும் இப்படித்தான்னு இல்லை, ரெண்டும் சேர்ந்து கெட்ட தண்ணியும் உண்டு. அதனால நுரையைப் பார்த்து முடிவு பண்ணாம, ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் பிடிச்சு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கச் சொன்னாங்க.

ஆயா எல்லாத்தையும் கேட்டுட்டு, "இத்தனை வருஷம் இதைத்தானே குடிச்சேன், டீ இதில் போட்டாத்தான் நல்லாயிருக்கும்"னாங்க. இப்போ குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணி. போர் தண்ணி துணிக்கும் பாத்திரத்துக்கும். டீக்கு மட்டும் யாரும் பார்க்காதப்போ எதில் போடறாங்கன்னு எனக்குத் தெரியாது. என் தம்பிக்கு 4 வயசு, அவனுக்கு இன்னும் நிலைப்பல் முளைக்கல. அவனோட டம்ளரை மட்டும் நானே நிரப்பிடறேன்.