ஆறு பென்னி நாணயமும் ஒரு கிதாரின் குரலும்

நாணயம் என்றதும் செலவும் சேமிப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. அதனைக் கொண்டு இசை மீட்டலாம் என்பது வாசகர்கள் பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். குயீன் என்னும் ஆங்கில ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே, பிளாஸ்டிக் பிக்கை விடுத்து, பிரிட்டனின் பழைய ஆறு பென்னி நாணயத்தால் தந்திகளை மீட்டுபவர். மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளிக்கல்வி பயின்ற ஃபிரெடி மெர்க்குரி பாடிய குழு அது. 1975-இல் வெளிவந்த ‘போஹீமியன் ராப்சடி’ பாடலின் இடையே ஒலிக்கும் கிதாரைக் கேட்டவுடன், இது பிரையன் மே என்று ரசிகர்கள் இனங்கண்டுவிடுவர்.

அந்த ஒலியைத் தம் கைகளில் வரவழைக்க விரும்பும் இளைஞர்கள் நம் நாட்டிலும் உண்டு. அவர்களுள் பலர் முதலில் நாடுவது விலைப்பட்டியலைத்தான். அவர் வைத்திருக்கும் கிதார், அவர் பயன்படுத்தும் ஆம்ப்ளிஃபையர், அவற்றுக்கிடையே ஒரு பெடல் என்று பட்டியல் நீள்கிறது. மாதத் தவணையும் உடன் வளர்கிறது. ஆனால், அந்த ஒலி பிறந்த வரலாறோ வேறொரு வழியைக் காட்டுகிறது.

1963-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். விலையுயர்ந்த மின்கிதாரை வாங்கும் வசதி பதினாறு வயது பிரையனின் குடும்பத்துக்கு இல்லை. மின்னணுவியல் அறிந்த தந்தை ஹெரால்டும் மகனும் தாங்களே ஒன்றைச் செய்வதென முடிவெடுத்தனர். பழைய கணப்படுப்பின் மேற்சட்டமாக இருந்த மகோகனி மரம் கிதாரின் கழுத்தாயிற்று. அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு, சுருதியை அசைக்கும் பொறியில் இடம்பெற்றன. அதன் கைப்பிடி மிதிவண்டியின் உதிரிப் பாகம். அதன் நுனி பின்னல் ஊசியின் துண்டு. பணி நிறைவுற ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. ‘ரெட் ஸ்பெஷல்’ எனப் பெயர்பெற்ற அக்கிதாரையே அவர் இன்றும் வாசித்துவருகிறார்.

இனி, அந்த ஒலியை அணுகும் முறையைக் காண்போம். நாணயத்திலிருந்தே தொடங்கலாம். பிளாஸ்டிக் பிக் தந்தியில் படும்போது வளைந்து கொடுக்கும், நாணயம் வளையாது. ஆகவே, விரல்கள் செய்வது அனைத்தும் அவ்வாறே தந்தியைச் சென்றடைகிறது. நாணயத்தின் வரிவிளிம்பைச் சற்றுச் சாய்த்து உரசினால், ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் மெல்லிய கரகரப்பு எழும். தட்டையாகப் பிடித்தால் ஒலி மென்மையாகும். ஆறு பென்னி நாணயத்தின் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். 2011-இல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்ட நம் 25 காசும் ஏறத்தாழ அதே அளவினதே. வீட்டு மேசையறையில் அது கிடக்குமாயின், தாங்களும் முயன்று பார்க்கலாம். தளர்வாகப் பிடிப்பதே முக்கியம்; இறுக்கிப் பிடித்தால் தந்திகள் அறுபடக்கூடும்.

அடுத்தது இடக்கை. மே மெல்லிய தந்திகளையே கட்டுகிறார். அவரது கிதாரில் தந்தியின் அதிரும் நீளம் 24 அங்குலமே. பல மின்கிதார்களைவிட இது குறைவு. எனவே தந்தி எளிதில் வளைகிறது. பாடகர் சுரத்தை அசைத்து நீட்டுவதுபோல் அவரால் நீட்ட முடிகிறது. சுரத்தைத் தொட்டவுடன் அசைக்காமல், ஒரு கணம் நேராக நிற்கவிட்டுப் பின்னர் நிதானமாக அசைக்கப் பழகுதல் நன்று. நம் இசையில் கமகம் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

மூன்றாவதாகவே மின்கருவிகள் வருகின்றன. மே பயன்படுத்துவது வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி30 என்னும் 30 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர். கிதாருக்கும் அதற்கும் இடையே உள்ள டிரெபிள் பூஸ்டர் என்னும் சிறு கருவி, உயர் அதிர்வெண்களை வலுவாக்கி அனுப்புகிறது. வால்வுகள் தம் எல்லையைத் தொடும்போது ஒலி தடித்து, நீண்டு ஒலிக்கிறது. ஆம்ப்ளிஃபையரை முழு அளவில் வைத்துவிட்டு, கிதாரிலுள்ள வால்யூம் திருகினாலேயே மென்மையையும் உரப்பையும் அவர் கையாள்கிறார். வீட்டில் 30 வாட் வால்வு ஒலியை அயலார் தாங்கமாட்டார்கள். இத்தகைய ஆம்ப்ளிஃபையர்களைப் போலச் செய்யும் மென்பொருளும் ஒரு ஹெட்போனும் பயிற்சிக்குப் போதுமானவை.

குயீன் பாடல்களில் ஒரு கிதார் குழுவே ஒலிப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம், அவர் ஒரே இசையை வெவ்வேறு சுரநிலைகளில் பலமுறை வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்ததே. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலிப்பதிவுச் செயலியைக் கொண்டு மூன்று அடுக்குகள் பதிவுசெய்து பார்த்தாலே, அந்த அழகின் அடிப்படை புலப்பட்டுவிடும்.

ஆகவே, செலவின் வரிசையை நாம் இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம்: முதலில் கையிலுள்ள கிதாருக்குப் புதிய மெல்லிய தந்திகளும் ஒரு நாணயமும், பின்னர் சில மாதப் பயிற்சி, அதன் பின்னும் குறை தோன்றினால் பூஸ்டர். ஆம்ப்ளிஃபையர் இறுதியில் வரட்டும். அதுவும் சேமித்த தொகையில் வரட்டும். எதில் குறை என்பதைச் செவி அறிந்தபின் வாங்கும் பொருள் அலமாரியில் உறங்குவதில்லை.

இவ்வரலாற்றில் பெற்றோர் கருதத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. கிதார் செய்யத் துணைநின்ற ஹெரால்டே, மகன் வானியற்பியல் முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்டு இசையில் இறங்கியபோது மனம் வருந்தினார். பல ஆண்டுகள் சென்றபின், நியூயார்க்கில் குயீனின் நிகழ்ச்சியை நேரில் கண்டபோதுதான் அவ்வருத்தம் தணிந்தது. மகனும் ஆய்வை மறந்துவிடவில்லை. 2007-இல், தம் அறுபதாம் வயதில், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். தம் பிள்ளை கிதார் கேட்கும்போது, விலையைப் பேசுமுன் அவனோடு அமர்ந்து ஒரு பாடலைக் கேட்டுப் பார்ப்பது, பெற்றோர்க்குச் செலவில்லாத நல்ல தொடக்கம்.