பள்ளியின் வாயிலும் அதற்குச் செல்லும் வழியும்

நியூயார்க் மாநகரில், மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில், ஹட்சன் ஆற்றின் அருகே பத்து மாடிக் கட்டடம் ஒன்று உயர்ந்து நிற்கின்றது. அது ஓர் அரசுப் பள்ளி. அங்குக் கட்டணம் ஏதும் இல்லை. ஆயினும் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கு இடம் கிடைப்பது எளிதன்று. ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி என்பது அதன் பெயர். நகரின் எம்மூலையில் வாழும் மாணவரையும் தம்பால் ஈர்க்கும் இத்தகைய பள்ளிகளை அந்நாட்டினர் 'காந்தப் பள்ளிகள்' என வழங்குவர். இப்பள்ளியின் புகழையும், அதன் வகுப்புகளில் அமர்ந்திருப்போர் யார் என்பதையும் ஒருசேர ஆராய்தல், பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் அனைவருக்கும் பயன் தருவதாகும்.

இப்பள்ளி 1904ஆம் ஆண்டில் ஆண் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் பயிற்றும் கூடமாகத் தொடங்கப்பெற்றது. நாளடைவில் கணிதமும் அறிவியலும் அங்கு முதலிடம் பெற்றன. இடத்தை நாடி வந்தோர் தொகை பெருகவே, 1930களில் நுழைவுத் தேர்வு ஏற்பட்டது. 1969 வரை பெண்களுக்கு அங்கு இடமே இல்லை. ஆலிஸ் டி ரிவேரா என்னும் சிறுமி நீதிமன்றத்தை நாடியதன் பயனாக அவ்வாண்டில் கதவு திறந்தது. ஆனால் அவருடைய குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்ததால், கதவைத் திறந்து வைத்த அவர் அதனுள் நுழையவில்லை. இப்போதுள்ள கட்டடத்திற்குப் பள்ளி 1992இல் மாறியது.

இப்பள்ளியின் கல்விச் சிறப்பு உலகறிந்தது. பயில்வோருள் ஏறத்தாழ அனைவரும் தேர்ச்சி பெற்றுக் கல்லூரிக்குச் செல்கின்றனர். இதன் பழைய மாணவர் நால்வர் நோபெல் பரிசு பெற்றுள்ளனர்: மருத்துவத்தில் ஜோஷுவா லெடர்பர்க் (1958), வேதியியலில் ரோல்ட் ஹாஃப்மன் (1981), பொருளியலில் ராபர்ட் ஃபோகல் (1993), மருத்துவத்தில் ரிச்சர்ட் ஆக்சல் (2004). இவர்களுள் ஹாஃப்மன், இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களை வேட்டையாடிய நாத்சிகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்து, 1949இல் அகதியாக அமெரிக்கா வந்து சேர்ந்த சிறுவர். அமெரிக்காவின் முதல் கறுப்பினத் தலைமை வழக்குரைஞராக 2009இல் பதவியேற்ற எரிக் ஹோல்டரும் இப்பள்ளியில் பயின்றவரே.

இத்தகைய பள்ளியில் இடம் பெறும் முறை யாது? 1971இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டப்படி, ஒரே ஒரு நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணே இடத்தை முடிவு செய்கின்றது. எட்டு அரசுப் பள்ளிகளுக்கு இத்தேர்வு பொதுவானது. எட்டாம் வகுப்பில் பயிலும் இருபத்தையாயிரம் பேர் அளவில் ஆண்டுதோறும் மூன்று மணி நேரம் அமர்ந்து ஆங்கிலத்திலும் கணிதத்திலும் விடை எழுதுகின்றனர். இங்குப் பரிந்துரைக் கடிதம் செல்லாது; நேர்முகம் இல்லை; நன்கொடை இல்லை. தந்தை அமைச்சராயினும் சமையற்காரராயினும் மதிப்பெண் ஒன்றே பேசும். சிபாரிசின் கொடுமையை அறிந்த எவரும் இம்முறையை எளிதில் இகழமாட்டார்.

இம்முறை ஏழைகளைக் கைதூக்கி விட்டதும் உண்மையே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தொழிலாளரின் பிள்ளைகள் இவ்வழியே முன்னேறினர். இன்று மாணவருள் பத்தில் ஏழு பேர் ஆசிய வழியினர். சீனம், வங்கதேசம், கொரியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்கள் அவை. மொத்த மாணவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் வறிய குடும்பத்தினர் எனக் கணக்கிடப்பட்டுள்ளனர். உணவகத்தில் பாத்திரம் துலக்கியும் வாடகைக் கார் ஓட்டியும் ஈட்டிய பணத்தைப் பிள்ளையின் தனிப்பயிற்சிக்கெனச் செலவிடும் பெற்றோர் அவர்களுள் உளர். அவர்தம் உழைப்பைக் குறை கூறுதல் அறமாகாது.

எனினும் மற்றொரு பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 2019இல் இப்பள்ளியில் 895 பேருக்கு இடம் அளிக்கப்பட்டது. அவர்களுள் கறுப்பின மாணவர் எழுவர். இஸ்பானிய வழியினர் 33 பேர். 2025இல் இடம் பெற்ற 781 பேருள் கறுப்பினத்தார் எண்மரே. நகரின் அரசுப் பள்ளிகளிலோ, ஐவரில் மூவருக்கு மேற்பட்டோர் இவ்விரு பிரிவினர்! இது பிறவி அறிவின் குறையோ? அன்று. இதே தேர்வின் வழியாக மாணவரைச் சேர்க்கும் புரூக்ளின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில், 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பின மாணவராய் இருந்தனர். ஒரு தலைமுறைக்குள் ஓர் இனத்தின் அறிவு வற்றிவிடுவதில்லை. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் திறமிக்க சிறுவர்க்கென நடந்த தனி வகுப்புகள் குறைந்தன. மறுபுறம் தனிப்பயிற்சி நிலையங்கள் பெருகின. தேர்வு ஒன்றே, அதற்கு ஆயத்தம் செய்யும் வாய்ப்போ ஒன்றன்று. வாயிலில் நிற்கும் காவலர் நேர்மையானவர். ஆனால் வாயிலுக்கு வரும் வழி சிலர்க்குச் சாலையாகவும் சிலர்க்கு முட்காடாகவும் உள்ளது.

இதனை மாற்ற, 2018இல் அந்நகரின் மேயராய் இருந்த பில் டி பிளாசியோ, நுழைவுத் தேர்வை நீக்கி, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முன்னிற்கும் நூற்றுக்கு எழுவர்க்கு இடம் தரலாம் என்றார். ஆசியப் பெற்றோர் பலர் வீதியில் இறங்கி எதிர்த்தனர். 2019இல் மாநிலச் சட்டமன்றத்தில் அத்திட்டம் நிறைவேறாமற் போயிற்று. இரு சாராரும் தம் மக்களின் எதிர்காலத்திற்காகவே வாதாடினர். எண்ணூறு இடங்களுக்காக ஏழைகளும் ஏழைகளும் மோத நேர்ந்ததே இதில் வருந்தத்தக்கது.

அந்த எண்ணூறு இடங்களுக்கு உள்ளபடியே அத்துணை ஆற்றல் உண்டா? ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பதக் முதலிய பொருளியலறிஞர்கள் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் இத்தகைய பள்ளிகளை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். மயிரிழையில் இடம் பெற்ற மாணவரையும், மயிரிழையில் தவறவிட்டு வேறு பள்ளிக்குச் சென்ற மாணவரையும் அவர்கள் ஒப்பிட்டனர். பின்னர் எழுதிய தேர்வுகளில் இரு சாராரின் மதிப்பெண்களிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இதன் பொருள் யாது? புகழ்பெற்ற பள்ளியின் உயர்ந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி, மாணவர் உள்ளே வரும்போதே தம்மோடு கொண்டு வந்தவை. பொறுக்கி எடுத்த விதை செழித்து வளர்வதைக் கண்டு நிலத்தை மட்டும் புகழ்கிறோம்.

ஆகவே, ஒரு பள்ளியை மதிப்பிடும்போது எத்தனை பேர் தேறினர் என்று கேட்பதோடு நில்லாமல், எத்தகைய பிள்ளைகளை ஏற்று எவ்வளவு உயர்த்தியது என்றும் கேட்போமாக. பின்தங்கிய மாணவனைக் கரையேற்றும் பெயரறியாப் பள்ளியின் ஆசிரியர், முதல் மதிப்பெண் மாணவர் சூழ நிற்கும் ஆசிரியருக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவரல்லர்.

பெற்றோர்களே! ஓரிரு மதிப்பெண்களில் விரும்பிய பள்ளியை இழந்த பிள்ளை வாழ்வையே இழந்துவிட்டதாகக் கலங்குவதும், அக்கலக்கத்தைப் பிள்ளையின் நெஞ்சில் ஏற்றுவதும் வேண்டா. அப்பிள்ளையின் அறிவு தேர்வுக்கு முந்திய நாளில் இருந்தவாறே இன்றும் இருக்கின்றது. சிறந்த பள்ளி ஒன்றின் வாயிலில் ஆயிரவர் நெருக்குண்டு நிற்பது அப்பள்ளிக்குப் பெருமையாகலாம். மற்றப் பள்ளிகளைக் கவனியாது விட்ட நகருக்கு அது பெருமையன்று. தேர்வை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்னும் வழக்கு எவ்வாறு முடியினும், ஒவ்வொரு தெருவிலுமுள்ள தொடக்கப் பள்ளியைச் செம்மை செய்யும் கடமை எஞ்சியே நிற்கும்.